கெல்லி கோட்டைப் பேயை விடுங்க, சங்காட் மேட்டு ஜெயிலைப் பத்தி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல மலேசியா பேராக்ல இருக்கிற எங்க பத்துகாஜாவைப் பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க. ரொம்ப சந்தோஷமா கடையில உக்காந்து ரொட்டி சானாயை ஓரமா தள்ளி வெச்சுட்டு படிச்சேன் சார், பக்கத்துல முக்கால் பக்கம் கெல்லி கோட்டைப் பேய், மீதி கால் பக்கம் எங்க நல்ல லக்சா கிடைக்கும்னு. நான் உங்க பேப்பரை நாப்பது வருஷமா வாங்கறவன், தீபாவளி மலர் ஒண்ணு விடாம வீட்டுல இருக்கு, அதனால கோவப்படறதுக்கு எனக்கு உரிமை இருக்குன்னு நினைச்சுதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டறதா இருந்தா என் சொந்தக் கதையை வெட்டுங்க, ஜப்பான் காலத்துல எங்க ஊரு ஜெயில்ல கிடந்த சிபில் அம்மா கதையில கை வைக்காதீங்க.

முதல்ல ஒரு திருத்தம். கோட்டையைக் கட்ட ஆரம்பிச்ச வெள்ளைக்காரரு கெல்லி தொரை அதுலயே வாழ்ந்து செத்தாருன்னு எழுதியிருக்கீங்க. அவரு அதுல குடியே இருக்கல சார், கோட்டை முடியவே இல்லையே. 1915ல வேலை ஆரம்பிச்சாங்க, செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவுலேர்ந்து கப்பல்ல வந்துச்சு, வேலைக்கு மெட்ராஸ் பக்கத்துலேர்ந்து எழுபது பேரைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க, நடுவுல ஸ்பானிஷ் காய்ச்சல் வந்து நம்ம ஆளுங்க கொத்து கொத்தா செத்தாங்க. கோவில் கட்டினாதான் நோய் விலகும்னு வேலைக்காரங்க கேக்க, தொரையும் மாரியம்மன் கோவில் கட்டிக் குடுத்தாரு. அந்தக் கோவில் இன்னும் இருக்கு, மேல சாமி சிலைங்க நடுவுல வெள்ளை சூட்டும் தொப்பியும் போட்ட ஒரு ஆளு நிப்பாரு, அதான் தொரைன்னு சொல்லுவாங்க. அவரு செத்தது 1926ல, போர்த்துகல்ல இருக்கிற லிஸ்பன்ல, நிமோனியா வந்து. லிஸ்பன்ல செத்தவரு இங்க வந்து மாடியில நடக்கிறாருன்னா டிக்கெட் எடுத்து வந்திருக்கணும்.

நான் ஸ்கூல் பஸ் டிரைவர், இப்ப ஓய்வு. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைங்களை கெல்லி கோட்டைக்கு எத்தனை தடவை ஏத்திக்கிட்டுப் போயிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. போறப்ப முழுக்க பேய்க் கதைதான், டீச்சரும் சேர்ந்து சொல்லுவாங்க. ஒரு தடவை எங்க ஊரு மேட்டுப் பக்கம், சங்காட் வழியா சுத்திப் போகவேண்டியதா ஆச்சு, ஒரு பொண்ணு ஜன்னல் பக்கம் உக்காந்திருந்துச்சு, மூணாம் வகுப்போ என்னமோ, "பஸ் அங்கிள், அது என்ன இவ்ளோ பெரிய சுவரு?"ன்னு கேட்டுச்சு. நான் "ஜெயிலு"ன்னேன். "உள்ள யாரு இருந்தாங்க?"ன்னுச்சு. திருடங்கன்னு சொல்லிட்டு கியரை மாத்திட்டேன். அந்தப் பதில் எனக்கு இன்னிக்கு வரைக்கும் உறுத்துது, ஏன்னா அந்தச் சுவத்துக்குப் பின்னாடி யாரு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும், எங்க ஆத்தா, அதான் பாட்டி, சொல்லியிருக்கு.

ஊரைப் பத்தி தெரியாதவங்களுக்கு சொல்றேன். பத்துன்னா கல்லு, காஜான்னா யானை, நம்ம கஜம்தான் அது. ஈப்போ பெரிய ஊராகறதுக்கு முன்னாடி கிந்தா மாவட்டத்துக்கே இதுதான் தலைமையிடம். ஈயம் தோண்ட சீனங்க வந்தாங்க, ரப்பர் வந்த பிறகு சுத்தி எல்லா பக்கமும் தோட்டம், தோட்டத்துக்கு நாம வந்தோம். வெள்ளைக்காரன் மட்டும் மேட்டு மேல போய் உக்காந்துக்கிட்டான். சங்காட்னாலே மலாய்ல மேடுதான். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, ஆபிஸுங்க, தொரைங்க பங்களா, ஜெயில் எல்லாம் அந்தப் பக்கம், கீழ கடைத்தெரு, அதையும் தாண்டினா பால்மரமும், தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயமும். எங்க ஆளுங்க மேட்டுக்குப் போனா மூணே காரணம்தான், வியாதி, வழக்கு, இல்லன்னா ஏதாவது பாரத்துல பெருவிரல் உருட்ட. சும்மா சுத்திப் பாக்க யாரும் போனதில்ல. எங்கம்மா நாங்க சேட்டை பண்ணினா போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்னு சொல்லாது, "மேட்டுக்கு அனுப்பிடுவேன்"னுதான் சொல்லும், அதுலேயே எல்லாம் அடங்கிடும்.

கோர்ட்டு கட்டினது 1892ல. வெள்ளை அடிச்சு, வளைவு வளைவா வராந்தா வெச்சு, இன்னிக்கும் அழகாத்தான் நிக்குது, கல்யாண ஜோடிங்க வந்து படம் எடுத்துக்கிறாங்க. எங்கப்பாவும் அந்த வராந்தாவுல நின்னவர்தான், ஆனா படத்துக்கு இல்ல. 1966ல ஒரு நாள் ராத்திரி கடைத்தெருவுலேர்ந்து சைக்கிள்ல வந்தவரை விளக்கு இல்லன்னு பிடிச்சுட்டாங்க. கோர்ட்டுக்கு வரச் சொல்லி தாள் வந்துச்சு. அப்பா பால் வெட்டறவரு, ஒரு நாள் லீவு போட்டா ஒரு நாள் சம்பளம் போச்சு. கல்யாண வேட்டியைக் கட்டிக்கிட்டு, தோட்டத்துக் கிராணிகிட்ட, அதான் கிளார்க்குகிட்ட, இரவல் வாங்கின சட்டையைப் போட்டுக்கிட்டு, என்னையும் கையில பிடிச்சுக்கிட்டு போனாரு, எனக்கு வயசு பத்து. வராந்தா படி ஏறறதுக்கு முன்னாடி ஜப்பான் சிலிப்பரைக் கழட்டி ஓரமா வெச்சாரு. யாரும் கழட்டச் சொல்லல சார், கோவில் மாதிரி அவருக்கே தோணிச்சு. உள்ள மலாய்ல என்னமோ கேட்டாங்க, தலையை ஆட்டினாரு, அஞ்சு வெள்ளி அபராதம். வெளிய வந்தா சிலிப்பரைக் காணோம். கோர்ட்டு வாசல்ல திருட்டு! வெறுங்காலோட வீட்டுக்கு நடந்தோம், அப்பா வழி முழுக்க சிரிச்சுக்கிட்டே வந்தாரு, எனக்குத்தான் அழுகை. அந்த அஞ்சு வெள்ளி ரசீதை அவரு சாகற வரைக்கும் மைலோ டின்னுல பத்திரமா வெச்சிருந்தாரு, பிள்ளைங்க எங்க பொறந்த சூராவும், அதான் பிறப்புப் பத்திரமும், அந்த டின்னுலதான், ரசீதும் அந்த டின்னுலதான்.

எங்கப்பா காலத்துல அஞ்சு வெள்ளியோட போச்சு. அவரு அப்பன் காலத்துக்கு முன்னாடி பாருங்க. ஒப்பந்தக் கூலின்னு கையெழுத்து வாங்கிக்கிட்டு கப்பல் ஏத்தினாங்க இல்லையா, அப்ப தோட்டத்தை விட்டு ஓடினா அது வேலையை விட்டுப் போனதுன்னு அர்த்தம் இல்ல, குற்றம். பிடிச்சுக்கிட்டு வந்து கோர்ட்டுல நிறுத்தி ஜெயில்ல போடலாம். அடி தாங்காம ஓடினவனும் சரி, காய்ச்சல்ல வேலைக்கு வராம படுத்தவனும் சரி, தொரை கம்ப்ளெயின் பண்ணிட்டா மாஜிஸ்திரேட்டு முன்னாடிதான் நிக்கணும். 1910ல இந்த ஒப்பந்த முறையை நிறுத்தினாங்க. கோர்ட்டு கட்டினதுக்கும் அதுக்கும் நடுவுல 18 வருஷம். கட்டடக்கலையைப் பத்தி எழுதறவங்க வளைவைப் பத்தியும் தூணைப் பத்தியும் எழுதறாங்க, இந்த 18 வருஷத்தைப் பத்தி ஒரு வரி கிடையாது.

இப்ப ஜெயிலுக்கு வரேன்.

ஜப்பான்காரன் 1941 டிசம்பர்ல வந்தான். ஈப்போவுல குண்டு போட்டப்ப பிரூஸ்டர் ரோட்டுல கிளினிக் வெச்சிருந்த டாக்டர் கார்த்திகேசு குடும்பம் பாப்பானுக்கு ஓடி வந்துச்சு. பாப்பான் எங்க பக்கத்து ஊரு, அப்ப ஈயத்துல கொழிச்ச ஊரு, இப்ப போய்ப் பாத்தா கடைவீடுங்களுக்குள்ள மரம் முளைச்சுக் கிடக்கு. டாக்டர் இலங்கைத் தமிழர். அவரு சம்சாரம் சிபில், மெடான்ல பொறந்த யூரேசியப் பொம்பளை, மருத்துவச்சி வேலை படிச்சவங்க, கன்டனீஸ் சரளமா பேசுவாங்க. பாப்பான் மெயின் ரோட்டுல 74ஆம் நம்பர் வீடு. அங்கதான் கிளினிக் நடத்தினாங்க. காட்டுல ஜப்பான்காரனை எதிர்த்து சண்டை போட்ட ஆளுங்க ராத்திரியில பின்வாசல் வழியா வருவாங்க, குண்டடி பட்டவங்களுக்கு மருந்து போட்டு அனுப்புவாங்க. வீட்டுக்குள்ள ரேடியோ ஒளிச்சு வெச்சு பிபிசி கேப்பாங்க, ரேடியோ வெச்சிருந்தா தலை போற காலம் அது, அந்த ரேடியோவுக்கு 'ஜோசபைன்'னு ஆளு பேரு மாதிரி பேரு வெச்சிருந்தாங்க, மாடிப்படிக்கு அடியில குழி தோண்டி அதுக்குள்ள மறைப்பாங்களாம்.

1943ல பிடிச்சுட்டாங்க. புருஷனையும் பிடிச்சாங்க. கெம்பெத்தாய், அதான் ஜப்பான் ராணுவ போலீஸ்னா எங்க ஊரு பெரிசுங்களுக்கு இன்னிக்கும் ரத்தம் உறைஞ்சுடும். அந்தம்மாவை என்னென்ன பண்ணினாங்கன்னு எழுத எனக்குக் கை வரல, ஒண்ணு மட்டும் சொல்றேன், சின்னப் பொண்ணு டான், அதை மரத்துல கட்டித் தொங்கவிட்டு கீழ நெருப்பு மூட்டி, காட்டுல இருக்கிறவங்க பேரைச் சொல்லுன்னு தாயைக் கேட்டாங்க. சொல்லல. கடைசியில ஆயுள் தண்டனை குடுத்து போட்ட இடம்தான் பத்துகாஜா ஜெயில். பஸ்ல அந்தப் பொண்ணு கேட்டுச்சே, அந்தச் சுவரு.

ஜப்பான்காரன் 1945ல சரணடைஞ்ச பிறகுதான் வெளிய வந்தாங்க. நடக்க முடியல. சீமைக்கு ஏரோபிளேன்ல ஏத்திக்கிட்டுப் போய் வைத்தியம் பாத்தாங்க, ஜார்ஜ் மெடல் குடுத்தாங்க, மலாயாப் பெண்கள்ல வீரத்துக்காக அந்த மெடல் வாங்கினது அவங்க ஒருத்தர்தான். ஆனா பூட்ஸ் காலால உதைச்சு தாடையில ஆன காயம் ஆறவே இல்ல, அதுவே விஷமாகி 1948 ஜூன் 12ஆம் தேதி ஸ்காட்லாந்துல இறந்துட்டாங்க. மறு வருஷம் உடம்பை எடுத்துக்கிட்டு வந்து ஈப்போவுல அடக்கம் பண்ணினாங்க, கூட்டம்னா அப்படி ஒரு கூட்டமாம். ஈப்போவுல ஒரு ரோட்டுக்கு அவங்க பேரு இருக்கு. எங்க ஊருல என்ன இருக்குன்னு கேக்காதீங்க.

எங்க ஆத்தா கெழங்கு மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு அந்தச் சுவத்தோரமா நடந்திருக்கு. ஜப்பான் காலத்துல அரிசி ஏது, மரவள்ளிக் கெழங்குதான் சோறு, தோட்டத்துலேர்ந்து கொண்டுபோய் கடைத்தெருவுல உப்புக்கும் துணிக்கும் மாத்திக்கிட்டு வரும். "அந்தப் பக்கம் போறப்ப தலையைத் தூக்கக்கூடாது, உள்ளேர்ந்து சத்தம் வந்தா கேக்காத மாதிரி நடக்கணும், டாக்டரம்மா உள்ள இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியும், வாயைத் தொறக்கமாட்டோம்"னு சொல்லும். ஆத்தாவோட தம்பியை சயாம்ல ரயில் பாதை போடற வேலைக்குப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, அவரு திரும்பி வரல, அதனால ஆத்தாவுக்கு ஜப்பான்காரன் கதை ஆரம்பிச்சா ரெண்டும் ஒண்ணா கலந்துதான் வரும், ஜெயில்ல ஆரம்பிச்சு சயாம்ல போய் நிக்கும். நாங்க சின்னப் பசங்க, பாதியில எந்திரிச்சு ஓடிடுவோம். இப்ப கேக்கலாம்னா ஆத்தா இல்ல.

ஆஸ்பத்திரியைப் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, எங்க வீட்டுல பாதிப் பேரு அங்கதான் பொறந்தோம், மீதிப் பேரு தோட்டத்து டிரெஸ்ஸர் கையில.

மேட்டுல இன்னொண்ணு இருக்கு, வெள்ளைக்காரங்க சுடுகாடு, காட்ஸ் லிட்டில் ஏக்கர்னு பேரு. புல்லு வெட்டி சுத்தமா வெச்சிருக்காங்க. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்ல மூணு தொரைங்களை கம்யூனிஸ்ட்டுங்க சுட்டாங்க இல்லையா, அவசரகாலம் அதுலேர்ந்துதானே ஆரம்பம், அந்த மூணு பேரும் இங்கதான் இருக்காங்க. கல்லுல பேரு இருக்கு, வருஷா வருஷம் ஜூன் மாசம் மாலை வைக்கிறாங்க, ராணுவத்துக்காரங்க வந்து சல்யூட் அடிக்கிறாங்க. வைக்கட்டும், செத்தவங்களுக்கு மரியாதை செய்யறதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனா எங்க தோட்டத்து சுடுகாட்டுல எங்க தாத்தாவைப் புதைச்ச இடத்துல இப்ப தாமான், வரிசை வரிசையா வீடு. தோட்டத்தை வித்தாங்க, செம்பனையைத் தள்ளினாங்க, லயத்தை இடிச்சாங்க, சுடுகாட்டை யாரும் கேக்கல. மூணாவது லோரோங்ல, அதான் சந்துல, ஒரு வீட்டு காடி, காரு நிக்கிற இடம்தான்னு எங்கண்ணன் அடிச்சுச் சொல்றாரு, நான் அந்தப் பக்கம் போறதில்ல.

கோலாலம்பூர்ல புடு ஜெயிலுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும், நீங்களே செய்தி போட்டீங்க. 1895ல கட்டி முடிச்சது, கைதிங்களே கட்டினது, 1996ல மூடினாங்க, 2010ல சுவத்தை இடிச்சாங்க. அது ஒண்ணும் பெருமைப்படற விஷயம் இல்லன்னு நாடாளுமன்றத்துல பதில் சொன்னாங்க. இப்ப வாசல் வளைவு மட்டும் நிக்குது, பின்னாடி ஷாப்பிங் மால். அந்த ஜெயில்லதான் எஸ்.ஏ. கணபதியைத் தூக்குல போட்டாங்க, 1949 மே 4. தொழிற்சங்கத்துக்காரரு, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவரா இருந்தவரு, துப்பாக்கி வெச்சிருந்தாருன்னு வழக்கு, இந்தியாவுலேர்ந்து நேரு அரசாங்கமே தூக்கு வேண்டாம்னு கேட்டுப் பாத்துச்சு, நடக்கல. அந்த மாலுக்கு ஷாப்பிங் போற நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? என் பேரனைக் கேட்டேன், எம்ஜிஆர் படத்துல வர்ற ஆளான்னு கேக்கிறான்.

பெருமையா இல்லையான்னு பாத்தா எந்த ஜெயிலும் பெருமை இல்லதான், ஒத்துக்கிறேன். எங்க ஊரு ஜெயில் இன்னும் ஓடிக்கிட்டிருக்கிற ஜெயில், உள்ள விடுங்கன்னு நான் கேக்கல, மியூசியமாக்குங்கன்னும் கேக்கல. தைப்பிங்கைப் பாருங்க, 1879ல ஆரம்பிச்ச ஜெயிலு அங்கயும் இன்னும் ஓடுது, எதிர்லயே மியூசியம், ரயில், லேக் கார்டன்ஸ்னு அந்த ஊருக்காரங்க தங்களோட ஊரு வரலாறை மூச்சு விடாம சொல்றாங்க. தைப்பிங்லேர்ந்து போர்ட் வெல்டுக்கு 1885ல நாட்டுல முதல் ரயில் ஓடிச்சுன்னு அங்க சின்னப் பையனும் சொல்லுவான், தண்டவாளம் போட்டவங்க சிலோன்லேர்ந்து வந்தவங்கன்னும் சேத்துச் சொல்லுவான். எங்க ஊருப் பையன் கோட்டையில ராத்திரி பன்னண்டு மணிக்கு என்ன தெரியும்னு சொல்லுவான், யூடியூப்ல பாத்தானாம்.

இன்னொரு கதை, அப்பாவோட கடைசி மேட்டுப் பயணம். 1968ல ஒரு சட்டம் வந்துச்சு, குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்யணும்னா பெர்மிட் வேணும்னு. 69 இனக் கலவரத்துக்கு அப்புறம் அதைக் கறாரா பிடிச்சாங்க. தோட்டத்துல பாதிப் பேரு கையில சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கிற அடையாள அட்டை, எங்கப்பா உட்பட, முப்பது வருஷமா பால் வெட்டினவங்க ஒரே ராத்திரியில வெளிநாட்டுக்காரங்களா ஆயிட்டாங்க. ஒரு ஆபிஸ்ல கவுண்டருக்கு முன்னாடி காலையில ஆறு மணிக்கே வரிசை, எந்த ஆபிஸ்னு சொல்லல, அங்க இருந்தவங்க யாரும் இப்ப இல்ல. அந்தக் கவுண்டர்ல இருந்தவரு அப்பாகிட்ட பொறந்த தாள் கேட்டாரு, அப்பா திருச்சி பக்கம் கிராமத்துல பொறந்தவரு, தாள் ஏது? மைலோ டின்னைத் தொறந்து இருக்கிறதையெல்லாம் கவுண்டர்ல கொட்டினாரு. அதுல அந்த அஞ்சு வெள்ளி ரசீதும் இருந்துச்சு. "இந்தக் கோர்ட்டு எனக்கு அபராதம் போட்டிருக்கு, நான் இங்க இருந்தேங்கறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி"ன்னு கேட்டாரு. கிராணி சிரிச்சாரு. பெர்மிட் கிடைச்சுது, ரசீதால இல்ல, தோட்டத்து தொரை கடுதாசி குடுத்ததால. ஆனா அந்த வருஷங்கள்ல சுமார் 60,000 பேரு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க, எங்க லயத்துலேயே நாலு குடும்பம். எங்ககூட கோலி விளையாடின பையன் ஒருத்தன் போறப்ப கோலி டப்பாவை எங்கிட்ட குடுத்துட்டுப் போனான்.

நான் கேக்கறது இவ்ளோதான் சார். அடுத்த தடவை பத்துகாஜாவைப் பத்தி எழுத ஆள் அனுப்பினா, கெல்லி கோட்டைக்கு நேரா போகச் சொல்லாதீங்க. ஈப்போவுலேர்ந்து அரை மணி நேரம், வந்து இறங்கினதும் முதல்ல சங்காட்டுக்குப் போகச் சொல்லுங்க. பிறகு பாப்பான், 74ஆம் நம்பர் வீடு. பிறகு மாரியம்மன் கோவில்ல அந்த சூட்டு போட்ட சிலையையும் பாத்துக்கட்டும். நம்ம ஆளுங்கள்ல தொண்ணூறு தாண்டின மூணு பேரு எனக்குத் தெரிஞ்சு இன்னும் நல்ல ஞாபகத்தோட இருக்காங்க, அதுல ஒருத்தரு தோட்டத்துல வேலையை மேற்பார்க்கிற மண்டோரா இருந்தவரு, காது மட்டும் கொஞ்சம் மந்தம், பக்கத்துல உக்காந்து சத்தமா கேட்டா எல்லாம் சொல்லுவாரு. நான் வண்டி ஓட்டி கூட்டிக்கிட்டுப் போறேன், பெட்ரோல் காசு வேண்டாம். சீக்கிரம் அனுப்புங்க, போன வருஷம் அஞ்சு பேரு இருந்தாங்க.

அந்த ரசீதை மருமகப் பொண்ணு போன்ல படம் பிடிச்சுக் குடுத்திருக்கு. மடிப்புல கிழிஞ்சிருக்கு, அப்பா பேரை "முனியாண்டி"க்குப் பதிலா என்னமோ மாதிரி எழுதியிருக்காங்க, ஆனா முத்திரை தெளிவா தெரியுது. போடறதா இருந்தா எந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணணும்னு சொல்லுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்கூல் பஸ் டிரைவர்,
பத்துகாஜா, பேராக்